ஒப்பிடத் தண்ணீர் போதும்

மார்ச் 4

இன்றும் பல் அறுத்தேன். ஊரார் பல். மருத்துவமனைகளில் பிடுங்கியதை டப்பாவில் போட்டு அனுப்புகிறார்கள். நாங்கள் மெல்லிய சில்லுகளாக அறுக்கிறோம். எங்களுக்கு வேண்டியது மேலே பளபளக்கும் எனாமல் அல்ல, அடியில் இருக்கும் டென்டின். எனாமல் சட்டை, டென்டின் உடம்பு. சட்டையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். வலிப்பது உடம்புக்கு.

சில்லுகளை அமிலத்தில் ஊறவைத்துச் சொத்தைப் பல் மாதிரி மெத்தென்று ஆக்க வேண்டும். பிறகு பாதியை எங்கள் மருந்தில் நனைத்து, செயற்கை உமிழ்நீரில் போட வேண்டும். மறு பாதிக்கு மருந்து கிடையாது, வெறும் உமிழ்நீர். கடைசியில் வைர முனையால் அழுத்திப் பார்ப்பது. பள்ளம் சிறிதாக விழுந்தால் பல் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

கெடுத்துவிட்டுச் சரிசெய்வது. பல்கலைக்கழகத்தில் இதற்குப் பெயர் ஆராய்ச்சி. வீட்டில் செய்தால் வேறு பெயர்.

அம்மா போனில். வலது பக்கக் கடைவாய்ப்பல் கூசுகிறதாம்.

"டாக்டர்கிட்ட போம்மா."

"எதுக்கு? அவர் தோண்டுவார். நீதான் மருந்து கண்டுபிடிக்கிறியே, வரட்டும்."

மார்ச் 9

"என் பொண்ணு செத்த பல்லுக்கு உயிர் குடுக்கறா" என்று மாடிவீட்டுக்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள் அம்மா. நான் கொடுப்பது சில்லுக்குக் கொஞ்சம் கால்சியம்.

மார்ச் 21

மருந்து போட்ட சில்லு கெட்டி. போடாத சில்லும் அதே கெட்டி. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே.

சலவையைக் கூப்பிட்டேன். ஆய்வகத்தில் என் தோழி. எந்தக் குடுவையையும் இரண்டு முறை கழுவுவதால் அந்தப் பெயர். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"மருந்து நல்லாத்தான் இருக்கு. மருந்து இல்லாமலும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப மருந்து என்னதான் பண்ணுது?"

"கூட நிக்குது. குடும்ப போட்டோவுல தூரத்துச் சொந்தக்காரர் நிப்பாரே, அந்த மாதிரி."

உமிழ்நீரிலேயே கால்சியம் இருக்கிறது, பாஸ்பேட் இருக்கிறது. வேலையை அது முடித்துவிட்டது. எல்லோர் வாயிலும் இலவசமாக ஊறும் ஒன்றோடு போட்டிக்குப் போய் நாங்கள் சமநிலை.

மார்ச் 22

பேராசிரியரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

"மருந்துல தப்பில்லம்மா. ஒப்பிடற ஆளுதான் தப்பு."

"புரியல சார்."

"உமிழ்நீர் ஒரு பயில்வான். அவன் பக்கத்துல நிறுத்தினா யாரும் நோஞ்சானாத்தான் தெரிவாங்க. மருந்தில்லாம சுத்தத் தண்ணியில ஒரு செட் போடு. அதோட ஒப்பிடு."

"ஆனா யாரு வாய்லயும் தண்ணி ஊறாதே சார், உமிழ்நீர்தானே—"

"நீ நல்லாப் படிக்கற பொண்ணு."

அது பதில் இல்லை. இருந்தும் "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்குச் சொன்னேன்?

மார்ச் 23

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. எங்கள் ஊரில் ஆலை இருக்கிறது. இடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 15

தண்ணீரில் கிடந்த சில்லுகளில் வைரம் சோபாவில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. அவ்வளவு மெத்து. பக்கத்தில் எங்கள் மருந்து இப்போது மகாபலசாலி.

கட்டுரை எழுதினேன். "மாதிரிகள் நீரில் வைக்கப்பட்டன." யார் வைத்தது? வாக்கியத்தில் ஆளே இல்லை. வசதியான மொழி. வெறும் உமிழ்நீரில் கிடந்த சில்லுகளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவை பிறக்கவே இல்லை.

முதல் பெயர் என்னுடையது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. வெட்கமே அதில்தான்.

மே 2

பற்பசைக் கம்பெனிக்காரர் வந்தார். பல்லெல்லாம் ஒரே வெள்ளை, குளியலறை ஓடு பதித்த மாதிரி.

"மேடம், 'கெட்டுப்போன பல்லையும் கெட்டியாக்கும்'னு டியூப் மேல போட்டுக்கலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர்: "'கெட்டியாக்க உதவும்'னு போடுங்க. உதவும்னு போட்டா யாரும் கேஸ் போட முடியாது."

பல்கலைக்கழகச் செய்திமடலில் என் படம் வந்திருக்கிறது. அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். "அந்தப் பக்கத்துல மெல்றதை விட்டுட்டேன், அவ்வளவுதான். உன் மருந்து வர்ற வரைக்கும் தாங்கும்" என்கிறாள்.

மே 10

"அம்மா, அது ஆரம்பத்துல இருக்கற சொத்தைக்குத்தான் சரிவரும்" என்று இழுத்தேன்.

"உன் மேல உனக்கே நம்பிக்கை இல்லன்னா எப்படிடி? பேப்பர்லயே போட்டுட்டான்!"

சொல்ல வேண்டியது ஒரு வரி. சொன்னால் நான் எழுதியது பொய். சொல்லாவிட்டால் அவள் பல் போகும். தராசில் ஒரு தட்டில் என் பெயர், மறு தட்டில் ஒரு கடைவாய்ப்பல். எது கனம் என்று தெரியவில்லை.

தெரிகிறது. தெரியாத மாதிரி எழுதுகிறேன்.

மே 11

இன்றும் சொல்லவில்லை.

மே 19

கன்னம் வீங்கிவிட்டது. வீடியோ காலில் பார்த்தேன். ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் யாரோ.

சொல்லிட்டேன். எல்லாத்தையும்.

"அந்த மருந்து ஒண்ணும் பண்ணலம்மா. எச்சில்தான் பண்ணிச்சு."

"எந்த எச்சில்?"

"வாயில ஊறுதே, அதேதான். நாங்களே செஞ்சு ஊத்தினோம். அப்புறம் மருந்தைத் தண்ணியோட ஒப்பிட்டு, ஆகா ஓகோன்னு எழுதிட்டோம். நான்தாம்மா எழுதினேன்."



"என் வாயிலயும்தான் ஊறுது. எனக்கு ஏன்டி சொத்தை?"

"ரொம்ப ஆழமாப் போயிடுச்சும்மா. அதுக்கு எச்சிலும் பத்தாது, மருந்தும் பத்தாது. டாக்டர்தான் தோண்டி அடைக்கணும்."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"



கடைசியில், "மாடிவீட்டுக்காரிகிட்ட இப்ப என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். இந்த வீக்கத்திலும் அவளுக்கு அந்தக் கவலை.

மே 21

பிடுங்கிவிட்டார்கள். உள்ளே எல்லாம் கரைந்து மேலே ஓடு மட்டும்தான் நின்றிருந்ததாம். கூச ஆரம்பித்தபோதே வந்திருந்தால் அடைத்தே காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். அம்மா இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னாள். திட்டியிருக்கலாம்ல? ரெண்டு வார்த்தை திட்டினா என்ன?

மே 25

உமிழ்நீர்ச் சில்லுகளையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்றேன்.

"சேத்துட்டா கட்டுரை எங்கம்மா இருக்கு?" என்றார் பேராசிரியர்.

"இருக்காது சார்."

"உன் பட்டம்?"

"அப்ப என் பேரை எடுத்துடுங்க சார்."

"யோசிச்சுத்தான் பேசறியா?"

"பல்லு போயிடுச்சு சார்."

என் வாயைப் பார்த்தார். எல்லாப் பற்களும் இருந்தன. குழப்பத்தோடு, "சரி, உன் இஷ்டம்" என்றார்.

வெளியே சலவை காத்திருந்தாள். "பெரிய வீராங்கனைதான். பேரை எடுத்துட்டா பொய் மெய்யாயிடுமா? கையைக் கழுவிட்டு வந்திருக்கே. அது என் வேலை."

வலித்தது. உண்மை.

ஜூன் 12

உமிழ்நீர்ச் சில்லுகளின் எண்கள் முழுவதையும், கட்டுரை போயிருக்கும் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். இன்று பதில்: "பெற்றுக்கொள்ளப்பட்டது." யாரால்?

ஜூலை 8

கட்டுரை வந்துவிட்டது. என் பெயர் இல்லை, எண்களும் இல்லை. புது வழிகாட்டி கிடைத்துவிட்டார்; முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார். புதிய டப்பா, புதிய பற்கள். இந்த முறை தண்ணீர், உமிழ்நீர் இரண்டும் இருக்கும். மருந்து தோற்றால் தோற்றது என்றே எழுதலாமாம். இப்படியும் ஒரு வழக்கம் இருக்கிறது போல.

ஆகஸ்ட் 30

வீட்டுக்கு வந்திருக்கிறேன். அம்மா இடது பக்கம் மெல்கிறாள். சிரிக்கும்போது வலது கன்னத்தில் கை வைத்துக்கொள்கிறாள். பற்பசை கடைக்கு வந்துவிட்டது. நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாடிவீட்டுக்காரம்மா ஒரு டியூப்போடு வந்தார்.

"எனக்கும் கொஞ்ச நாளா கூசுதுங்க. இதை வாங்கிட்டேன். உங்க பொண்ணு கண்டுபிடிச்சதுதானே, தேய்ச்சா சரியாயிடும்ல?"

எனக்குக் கை நின்றுவிட்டது.

"முதல்ல டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்க" என்றாள் அம்மா.

"அவர் தோண்டுவாரே!"

"தோண்டட்டும். தோண்டாம விட்டா என்னாகும்னு இங்க பாருங்க." வாயைத் திறந்து காட்டியிருக்க வேண்டும்.

"அய்யோ. அப்ப உங்க பொண்ணு மருந்து..."

"அதுல என் பொண்ணு பேரு இல்ல. வேணும்னா தேடிப் பாருங்க, எங்கயும் இருக்காது."

செய்திமடலைத் தெரு முழுக்கக் காட்டியதைப் போனில் சொன்னபோது இருந்த அதே குரல்.