ஓடி வந்து சுட்ட ஐந்து குண்டு

பயிற்சி முகாம்,
புதன்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு அகல்யா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரையை வேளைக்குப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். போன் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்தான் தருகிறார்கள். அது அம்மா அழுவதற்கே சரியாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

திங்களன்று நூறு மீட்டர் ஓடிவந்து, நின்றதும் ஐந்து குண்டு சுடச் சொன்னார்கள். ஐந்தும் மண்மேட்டுக்குத்தான் போயின. பட்டிழை அறுந்தால் முடிச்சுப் போடும்வரை மூச்சை அடக்கச் சொல்வீர்களே, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அடக்கிவிட்டேன். ஓடிவந்த நெஞ்சு சும்மா இருக்குமா? கையெல்லாம் ஆடியது. தண்டனையாகத் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று ஓடினேன். இன்னும் தோளை அசைக்க முடியவில்லை.

என் தவறைக் கண்டுபிடித்தவள் கூடப் பயிற்சி எடுக்கும் பெரணமல்லூர் காவ்யா. "ஏன்டி மூச்சப் புடிச்சிகினு சுடற? ரெண்டு வாட்டி நல்லா வுட்டுட்டு அப்பால சுடு" என்றாள். நேற்று மூன்று குண்டு குறியில் பட்டது. சனிக்கிழமை தேர்வில் நான்கு பட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பேட்சோடு இன்னும் ஆறு மாதம் இங்கேதான். பட்டுவிடும், கவலைப்படாதீர்கள்.

ஓடும்போது வேர்வை கண்ணில் இறங்குகிறது. துடைக்க உங்கள் பழைய லுங்கியில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். விசில் ஊதிவிட்டார்கள், போக வேண்டும். துவைத்துத்தான் அனுப்புவேன் என்று அம்மா நிற்பாள். வேண்டாம் அப்பா, தறியில் உட்காரும்போது கட்டியிருப்பதை அப்படியே கிழித்து அனுப்புங்கள்.

அகல்யா