ஐஸ் பேக்கில் தண்ணீர்ச் சத்தம்

மே 7, புதன்

தடுப்பூசி நாள். என் மனைவி ஜோதிலட்சுமி எட்டரைக்கே துணை சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டாள். கிராம செவிலியராக அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருடம். நிருபராக எனக்கு இருபத்தாறு. தொழில்நுட்ப உதவிக் குழுவிலிருந்து வந்திருக்கும் பொறியாளர் அன்புராஜ், அவள் தோளில் மாட்டிப் போகும் மருந்துப் பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் போட்டு அனுப்பினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குளிரைத் தானே குறித்துக்கொள்ளுமாம்.

"‘எம் பொட்டியில ஐஸ் கொறையவே கொறையாது சார், போட்டுப் பாருங்க’ன்னு சொன்னேன்" என்று மாலையில் சிரித்தாள்.

மே 9

அன்புராஜ் வீட்டுக்கே வந்தார். மடிக்கணினியில் ஒரு கோடு. பூஜ்யத்துக்குக் கீழே 2.4 டிகிரி, இரண்டு மணி நாற்பது நிமிடம். ஐந்து நோய்களுக்கான குழந்தை ஊசி மருந்து இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியது. உறைந்தால் விஷமாகாது, வீணாகிவிடும். போட்டும் போடாத மாதிரி.

"ஐஸ் பேக்கை வெளியே எடுத்து, உள்ளே தண்ணி ஆடுற சத்தம் கேக்குற வரைக்கும் வெச்சிருந்தீங்களா மேடம்?"

"பயிற்சியில சொன்னாங்க சார். ஆனா வெயிலு... அரை மணி நேரம் வெளியில கெடந்தா மருந்து கெட்டுப்பூடும்னு, நேரா எடுத்து அடுக்கிடுவேன்."

அவள் கடலோர ஊரான நரம்பையில் மீன் விற்ற வீட்டுப் பெண். கூடையை மூடும் முன் இன்னொரு கை ஐஸ் அள்ளிப் போடாமல் அவள் அம்மா சந்தைக்குக் கிளம்பியதில்லை. ஐஸ் குறைந்தால் பயம். கூடினால் பயப்பட வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

எவ்வளவு காலமாக என்று கேட்டேன்.

"புதுப் பொட்டி வந்ததிலேர்ந்து. மூணு வருஷம்."

மே 10

ஏப்ரலில் நான் எழுதிய செய்தியை எடுத்துப் பார்த்தேன். ‘கோடையிலும் குளிர் குறையாத பெட்டி’. நான் எடுத்த படம்: திறந்த பெட்டி, வெண்பனி பூத்த ஐஸ் பேக்குகள், அவற்றில் ஒட்டியபடி மருந்துக் குப்பிகள். தவறு அப்படியே படத்தில் இருக்கிறது. கீழே என் பாராட்டு.

மே 12

மளிகைக்கடை ரபீக்கின் மகள் இர்பானா. பதினோரு மாதம். காய்ச்சல், தொண்டையில் சாம்பல் நிறப் படலம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தொண்டை அடைப்பானாக இருக்கலாம், பரிசோதனை முடிவு வர வேண்டும் என்கிறார்கள்.

அந்த ஊசி தடுக்க வேண்டிய ஐந்து நோய்களில் ஒன்று. மூன்று தவணையும் போட்டது ஜோதி.

மே 13

அவள் சாப்பிடவில்லை. நானும்தான்.

மே 14, புதன்

ஊசி போடவில்லை. ‘மருந்து வரவில்லை’ என்று பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மேலிருந்து உத்தரவு வரும்வரை யாரிடமும் பேசக் கூடாதாம். ஜோதி பதிவேட்டிலிருந்து பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பத்து மூன்று குழந்தைகள். நாளைக்கே வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறாளாம்.

"கொஞ்சம் பொறு. ரிசல்ட் வரட்டும். இப்ப சொன்னா உன்னத்தான் கை காட்டுவாங்க. வேலை பூடும்."

"இருவத்தாறு வருஷமா எவன் மறைச்சாலும் எழுதினீங்க. உங்க பொண்டாட்டின்னா மட்டும் வேற பேப்பரா?"

"பயமா இருக்குடி."

"எனுக்கு மட்டும் இல்லியா?"

பேனாவை அவள் கீழே வைக்கவில்லை.

மே 15

முதல் கதவு ரபீக் கடை. வண்டி ஓட்டியது நான். கூட அன்புராஜ், கையில் இரண்டு குப்பிகள். ஒன்றை அவர் வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கியிருந்தார். இரண்டையும் குலுக்கிக் கல்லா மேல் வைத்தார். நல்லது கலங்கியே நின்றது. உறைந்ததில் கொஞ்ச நேரத்தில் மருந்து அடியில் படிந்து, மேலே வெறும் தண்ணீர். "எம் பொட்டியில இருந்ததும் இப்டித்தான் ஆயிருக்கும் தம்பி," என்றாள் ஜோதி.

ரபீக் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் புள்ள அங்க மூச்சுக்கு இழுக்குது. இங்க வந்து பாட்டில ஆட்டிக் காட்டுறியாக்கா?"

ஷட்டரை இறக்கிவிட்டார். நாங்கள் வெளியே நின்றோம். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனோம். அன்று பதினேழு வீடு.

மே 19

தொண்டை அடைப்பான்தான். இர்பானாவுக்கு முறிவு மருந்து ஏற்றியிருக்கிறார்கள். ஐஸ்தான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஜோதி அதைக் கேட்டு ஆறுதல் அடையவில்லை.

செய்தியை நானே எழுதினேன். செவிலியர் என் மனைவி என்பதையும் எழுதினேன். ஏப்ரல் படத்தையே போடச் சொன்னேன்.

மே 23

உத்தரவு வந்துவிட்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் மறுபடி ஊசி. ஜோதி மேல் விசாரணை. முடியும்வரை வேலையில் இருக்கலாம்.

தொலைபேசி அடித்தால் இருவருமே எடுக்கத் தயங்குகிறோம். ஆஸ்பத்திரியாக இருக்குமோ?

ஜூன் 25, புதன்

இதுவரை நூற்று முப்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள். ஒன்பது பேர் வரமாட்டோம் என்கிறார்கள். மீதி மூன்று பேர் செங்கல் சூளை வேலைக்கு வந்து போன குடும்பங்களின் குழந்தைகள். எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்த மூன்று பெயரும் ஜோதியின் கைப்பையில் இருக்கின்றன.

இன்று ரபீக் வந்தார், தோளில் இர்பானா. பாதியாக இளைத்திருந்தாள். ஜோதியைப் பார்க்காமல் நேராக மேசைக்குப் போனார். மேசையில் நான்கு ஐஸ் பேக் வியர்த்துக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டினார்.

"இன்னும் வரல," என்று பெஞ்சில் உட்கார்ந்தார். மற்ற தாய்மார்களும் காத்திருந்தார்கள். ஒருத்திகூட நேரமாகிறது என்று சொல்லவில்லை.

இருபது நிமிடம் கழித்து மறுபடி ஆட்டினார். பிறகு கையை நீட்டி ஜோதியின் காதருகே பிடித்தார்.

"நீயும் கேளுக்கா."