தாடையில் வைத்த கார்ச் சாவி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம், உன் அப்பாவின் புத்தியைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இனி ஊருக்குத் திரும்பி வருவதாக இல்லை, என் காரை விற்றுவிடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப் போகிறது. அன்றிலிருந்து இவர் தினமும் காலையில் நாலாவது மாடி பால்கனியில் நின்று, கீழே நிற்கும் உன் காருக்குச் சாவிப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறார். கையை நீட்டி அழுத்தினால் எட்டவில்லை. வண்டி பார்க்கும் மெக்கானிக் சொன்னாராம், சாவியைத் தாடையில் ஒட்டி வைத்து அழுத்தினால் இன்னும் தூரம் போகும், தலையில் இருக்கிற தண்ணீர் சிக்னலை ஏந்தி அனுப்பும் என்று. அந்த மண்டையில் தண்ணீர்தான் இருக்கிறது என்பது கல்யாணமான மறுநாளே எனக்குத் தெரியும், அதற்கு மெக்கானிக் எதற்கு. எதிர்வீட்டு டீச்சர் இவர் நிற்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு, சாருக்குப் பல்வலி தேவலாமாங்க என்று என்னிடம் விசாரிக்கிறார். கீழே விளக்கு ரெண்டு தரம் மின்னியதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நீயே வாசலில் வந்து நின்ற மாதிரி. துணி காயப்போட நான் குறுக்கே போனால், தள்ளி நில்லு, உடம்பு சிக்னலை மறைக்குது என்கிறார். இத்தனை வருஷம் இந்தக் குடும்பத்துக்கு முட்டுக்கொடுத்த உடம்பு இப்போது மறைக்கிறதாம்.

போன ஞாயிறு காரைப் பார்க்க ஒரு பேங்க்காரர் மனைவியோடு வந்தார். இந்த முழங்காலோடு நான்தான் இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் பொத்தானை அழுத்தித் திறக்கிறார், கதவில் கை வைப்பதற்குள் பூட்டிக்கொள்கிறது. மறுபடி திறக்கிறார், மறுபடி பூட்டிக்கொள்கிறது. ஆறேழு தரம். அந்த அம்மா, வண்டிக்கே நம்மளைப் பிடிக்கலைங்க, வாங்க போலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நிமிர்ந்து பார்த்தால் பால்கனியில் காய்கிற போர்வைக்குப் பின்னால் ஒரு வழுக்கை, அதன் கீழே தாடையில் சாவி. மேலே வந்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவ வந்தா எதுல போவா என்கிறார். அவள்தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளே என்றேன். உன்கிட்டதானே சொன்னா, என்கிட்ட சொல்லலையே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. அவரிடம் சொல்லத் தைரியமில்லாமல் என் காதில் போட்டுவிட்டு நழுவிக்கொண்டாய். விற்றே ஆக வேண்டுமென்றால் அவரைக் கூப்பிட்டு நீயே சொல். வருகிற ஞாயிறு இன்னொருவர் பார்க்க வருகிறார்.

குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. எங்கிருந்தாலும் குறையில்லாமல் இரு. போனை நான் எடுத்தால் ஒன்றும் சொல்லாதே, அவரிடம் கொடுக்கிறேன். நேற்று அவர் சாவியில் பேட்டரி தீர்ந்துபோய் எத்தனை அழுத்தியும் கார் மின்னவில்லை. எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. நான்தான் போய் வாங்கி வந்து போட்டுக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா