அரியாலைக்குப் போன மோட்டார் சைக்கிள்

16.10.78 திங்கள்

மூட்டம். மழை விழவில்லை. மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் எடுக்க மறுக்கிறது. உதை இருபத்திரண்டு. வலது முழங்கால் வலி.

பிளக் கழற்றிப் பார்த்தேன். பொறி நல்ல நீலம். நுனி மட்டும் காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் பெற்றோல் இறங்கவில்லை. தாங்கியைத் திறந்தால் முக்கால்வாசி இருக்கிறது. மூடிவிட்டு உதைத்தேன், உடனே எடுத்தது. சனியன்.

மயிலிட்டித் துறையில் இரண்டு போட் எஞ்சின் வேலை. மத்தியானம் சூடை மீன் பொரியல். யோகம் சோறு போடும்போது:

"அப்பாவுக்கு இழுப்புக் கூடிப்போச்சாம். வியாழக்கிழமை அரியாலைக்குப் போவமே?"

"ஓம்" என்றேன். வழக்கம்போல அவளை மாமா வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முகப்பில் இறக்கிவிட்டு நான் தேத்தண்ணிக் கடையில். யோகத்தைக் கலியாணம் கட்டி ஆறு வருடம். மாமா என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை. நானும்தான்.

17 செவ்வாய்

வெயில். மோ.சை. பிரித்தது:
கார்புரேட்டர் – கழுவி ஊதியாயிற்று.
பெற்றோல் குழாய் – அடைப்பில்லை.
வால்வு இடைவெளி – பிளேட் வைத்துப் பார்த்தேன். சரி.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இதற்கு மேல் என்ன கேடு? பின்னேரம் துறைக்குப் பக்கத்தில் திரும்பவும் நின்றது. தாங்கியைத் திறந்து பார்த்தேன், மூடினேன், எடுத்தது. போட்காரச் செல்லையா அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊரிலை உள்ள போட்டுக்கெல்லாம் உயிர் குடுக்கிறாய், உன்ரை சைக்கிள் உன்ரை சொல்லுக் கேக்குதில்லை."

சிரித்துவைத்தேன். உள்ளே எரிச்சல்.

19 வியாழன்

காலை பத்து மணிக்கு அரியாலையிலிருந்து ஆள் வந்தது. மாமாவுக்குக் கடைசி நேரமாம்.

யோகம் பஸ்ஸில் போவோம் என்றாள். மோ.சை. கெதியாகப் போகும் என்று நான்தான் சொன்னேன்.

உரும்பிராயில் நின்றது. கோப்பாயில் நின்றது. பதினைந்து உதை. பஸ் ஒன்று வர யோகம் கை காட்டினாள். ஏற முதல் சொன்னது:

"அப்பாவிலை உள்ள கோவத்தை இண்டைக்கோ காட்டவேணும்? எஞ்சின் வேலை செய்யிற ஆளுக்கு உது ஏலாதோ?"

பஸ் போய்விட்டது. தாங்கி மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டது. காற்றுப் போவதற்கு மூடியில் ஓர் ஊசித்துளை உண்டு. அது அடைபட்டால் பெற்றோல் இறங்காது. துளை மேல் காய்ந்த சந்தனம். போன கிழமை சரஸ்வதி பூசைக்கு யோகம் வைத்த பொட்டு. அம்மி, தையல் மெசின், ஸ்பனர், ஒன்றையும் விடமாட்டாள். நான் திறந்து பார்த்த ஒவ்வொரு முறையும் காற்றுப் போயிருக்கிறது, அதனால்தான் எடுத்திருக்கிறது. மடையன் நான்.

கம்பியால் குத்தினேன். ஒரே உதை. நல்லூரில் பஸ்ஸை முந்தினேன். ஹோர்ன் அடித்தேன். யோகம் பார்க்கவில்லை.

ஒழுங்கை முகப்பில் நிற்கவில்லை. நேரே வீட்டுக்குள் போனேன். மாமா கண் திறந்தார்.

"பிள்ளை எங்கை?"

"வாறா மாமா. பின்னாலை வாறா."

என் கையைப் பிடித்தார். யோகம் பஸ்ஸால் இறங்கி நடந்து வர இருபது நிமிடம். அதற்குள் முடிந்துவிட்டது.

22 ஞாயிறு

மழை. செத்த வீட்டுச் சனம் குறைந்துவிட்டது. மூன்று நாளில் இன்றுதான் யோகம் என்னோடு கதைத்தாள்.

"அப்பா என்னைக் கேட்டவரோ?"

"ஓம்."

பிறகு: "சைக்கிளுக்கு என்ன பிழை?"

"குழாயிலை குப்பை. செவ்வாய்க்கிழமை நான் வடிவாப் பாக்கேல்லை" என்றேன்.