நீ வேண்டாமென்ற ஆர்டர் மறுபடி வந்தது

என் தங்கச்சியைக் கட்டி, தொழில்லயும் எனக்குப் பாதியா நின்ன மாப்ள கண்ணா,

பசுமலையில நம்ம தையல் கம்பெனி ஓடிக்கிட்டிருக்கு. நீ பார்த்த ஏற்றுமதி வேலையை இப்ப தங்கச்சி மலர் பார்க்குறா. உன் மகள் காலேஜ் சேர்ந்துட்டா.

நீ கடைசியா வெளிநாடு போனது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஆர்டருக்காக. அம்புட்டுப் பெரிய ஆர்டரை நாம பார்த்ததே இல்லை. வாங்குற அதிகாரிக்கு 'ஆலோசனைக் கட்டணம்'னு ஒரு பங்கு தரணும்னான் அந்த ஊர் ஏஜென்ட். "அதை எதுல பிடிக்கிறது மச்சான்? துணியிலதான் பிடிக்கணும். நோயாளி படுக்குற துணி"ன்னு போன்ல சொல்லிட்டு, வெறுங்கையோட விமானம் ஏறிட்ட.

ஆர்டர் போச்சு. அதை நம்பித் திருவாதவூர்ல திறந்த யூனிட்டை மூடினோம். தைச்ச பொம்பளைங்ககிட்ட நீயே போய்ச் சொன்ன. திரும்பி வந்து சோத்துல கை வைக்கலை. "நான் நல்லவனா இருக்க, அதுக ஏன் மச்சான் வேலையை இழக்கணும்?"னு கேட்ட. எனக்குப் பதில் தெரியலை. அந்தக் கேள்வியோடயே உன் நெஞ்சு நின்னுபோச்சே, அதான் எனக்கு ஆறமாட்டேங்குது.

போன வாரம் அதே ஏஜென்ட் கூப்பிட்டான். முதல்ல துக்கம் விசாரிச்சான். அப்புறம், "அந்த விரிப்பு ஆர்டர் மறுபடி வந்திருக்கு. கண்ணன் சார் கொஞ்சம் பிடிவாதம். இனி நாம சுலபமாப் பேசிக்கலாமே"ன்னான். ஸ்பீக்கர்ல மலரும் கேட்டுக்கிட்டிருந்தா.

அவ வீட்டு நிலைமை எனக்குத் தெரியாதா? "நீயே சொல்லும்மா, எதுவானாலும் சரி"ன்னேன்.

போனைக் கையில எடுத்தா. "அவரு செத்துட்டாருன்னுதானே கேக்குறீங்க?"

அவன் ஏதோ சமாதானம் சொல்ல வந்தான், இவ விடலை.

"விலையை எழுதி அனுப்புறேன். அதுக்கு மேல யாருக்கும் ஒண்ணும் கிடையாது"ன்னு வச்சுட்டா.

அப்புறம் துணிக்கட்டு மேல உட்கார்ந்து அழுதா மாப்ள. "அண்ணே, தப்புப் பண்ணிட்டேனா?"ன்னு கேட்டா. "இல்லம்மா"ன்னேன். அந்த ஒரு வார்த்தையை நீயும் எதிர்பார்த்தியோ?

விலையை அனுப்பிட்டோம், பதில் வரலை. வராதுன்னுதான் தோணுது. திருவாதவூர்ப் பொம்பளைங்க சிலபேரு இப்ப காலையில பஸ் பிடிச்சு வேற கம்பெனிக்குப் போறாங்க. பஸ் ஸ்டாண்டுல பார்த்தா, "எப்பண்ணே நம்ம யூனிட்டைத் திறப்பீங்க?"ன்னு கேக்குறாங்க.

சின்னச் சின்ன ஆர்டரா தேடுறேன். திறக்க முடியுமான்னு தெரியலை, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் மாப்ள. நீ செத்ததை எவனுக்கும் லாபமாக விடமாட்டேன்.

உன் மலருக்கு அண்ணன்,
உனக்கு என்னைக்கும் மச்சான்,
பாண்டி