தேவராட்டி சொன்ன மருந்து

வெற்றி விளைக. முகில் தவழும் ஏழு முகடுகளுக்கும் அவற்றின் அடியில் விளையும் தினைக்கும் உரியவரும், பகைவர் கோட்டைக் கதவம் பல திறந்தவரும், இன்று வடகரைப் பாசறையில் எழுந்தருளியிருப்பவருமான குன்றநாட்டு மன்னர் வேழவரையர் திருமுன்பு, தலைநகரில் முத்திரை காக்கும் அமைச்சன் நக்கன் பொறையன் பணிந்து விடுக்கும் ஓலை. பாசறையில் வாளும் வீரரும் வாழ்க. இங்கு யாவரும் நலம் என்று அடுத்து எழுதுவது மரபு. அதை எழுத அமைச்சனுக்குக் கை வரவில்லை.

இளவரசி செங்கோதையார்க்குக் காய்ச்சல் கண்டு இன்றோடு பதினாறு நாள். அரண்மனை மருத்துவர் தம் கைவசமிருந்த சூரணங்களையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, இனித் தெய்வமேறி மருந்து சொல்லும் மலைத் தேவராட்டி காரியை அழைப்பதே வழி என்று தலை நிமிராமல் சொன்னார். மலைக்குடிகள் அரிய மருந்துகளை ஒளித்து வைத்துக்கொண்டு சாமியின் பெயரால் ஊரை ஏய்க்கிறார்கள் என்று சென்ற ஆண்டு அவையில் முழங்கியவரும் இவரே. மன்னர் அதை நம்பினார். ஆணையை எழுதியவன் பொறையன். அந்தப் பழியில் தன் பங்கை அவன் எவர் தலையிலும் கட்டவில்லை.

அவ்வாணையின்படி மலையில் துடிப்பறை கொட்டுதல் தடுக்கப்பட்டதும், காரியின் தம்பியும் அவளுக்குத் துடி கொட்டுபவனுமான உதிரன் பிடித்துவரப்பட்டதும், மருந்துகள் அனைத்தையும் சொல்லி ஏட்டில் ஏற்றும்வரை சுனைச் சிறையில் அடைக்கப்பட்டதும் மன்னர் மறந்திருக்க மாட்டார். தன்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்றான் உதிரன். துடியோசை கேட்டு அக்காள் மேல் இறங்கும் தெய்வம், எதிரே கிடக்கும் உடம்பைப் பார்த்து அன்றைக்குரிய இலையை அன்று சொல்லும். தெளிந்தபின் அக்காளுக்கே அது நினைவிராது. பிள்ளைப் பருவம் முதல் அவளோடு ஒரே கலத்தில் உண்டு வளர்ந்த துடியனுக்கு மட்டுமே அப்பேச்சு விளங்கும். ஒரு தேவராட்டிக்கு ஒரு துடியன்தான் என்று பணிவோடு உரைத்தான். அவை சிரித்தது. பொறையனும் சிரித்தான். முப்பத்தெட்டாம் நாள், ஈரத்தில் நெஞ்சடைத்து உதிரன் இறந்தான். கள்ளன் மறையோடு போய்ச் சேர்ந்தான் என்று எழுதி வழக்கை முடித்ததும் இந்தக் கைதான்.

நேற்று முன்தினம் அமைச்சன் பல்லக்கை விட்டிறங்கி, மலையேறிக் காரியின் குடில் வாயிலில் நின்றான். அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தே போனான். அவளோ, பிள்ளை எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறாள் என்று மட்டும் கேட்டுவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். இரண்டு வசையாவது சொல்லியிருக்கலாம்.

நேற்றுக் காலை, முற்றத்தில் இளவரசியாரைக் கிடத்தி, அரண்மனையில் பறை முழக்குவோர் ஒருவரைக் கொண்டு உதிரனின் துடியையே கொட்டச் செய்தான் பொறையன். தெய்வம் தயங்காமல் இறங்கியது. காரி இளவரசியாரின் நெற்றியை முகர்ந்து, வயிற்றில் காது வைத்து, உள்ளங்கால்வரை பார்த்து, மூச்சு விடாமல் பேசினாள். ஒரு சொல்லும் எவருக்கும் விளங்கவில்லை. எழுத்தர் நால்வர் ஓசை ஒன்றும் விடாமல் எழுதினர். மலையிலிருந்து வந்த வேறு துடியர் மூவரும் கேட்டுவிட்டுக் கையை விரித்தனர்.

தெளிந்ததும் காரி, உதிரன் வழக்கமாக அமரும் இடப்பக்கம் திரும்பி, "மருந்தைச் சொல்லிவிட்டேனா?" என்று கேட்டாள். சொல்லியாயிற்று என்றான் பொறையன். என்ன மருந்து என்றாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையை அவளிடம் எப்படிச் சொல்வது?

இளவரசியார் இன்னும் மூச்சோடு இருக்கிறார். மன்னர் விரைந்தால் முகம் காணலாம். துடிக்கு இட்ட தடையை அமைச்சன் இன்று தன் முத்திரையால் நீக்கினான். அது குற்றமாயின் அவன் தலை இங்கேயே இருக்கிறது. முத்திரை மோதிரம் இவ்வோலையைக் கொணர்வோன் கையில் வருகிறது.

மலைக்குடிகளின் மறைமருந்து ஏட்டில் ஏறியே ஆகவேண்டும் என்பது மன்னர் ஆணை. அது நிறைவேறிற்று. ஏழு ஓலைகள், எழுத்துப் பிழை ஒன்றுமின்றி, இத்துடன் இலச்சினையிட்டு அனுப்பப்படுகின்றன. மகளைப் பிழைக்க வைக்கும் இலை அவற்றில் இருக்கிறது. மன்னர் படித்துப் பொருள் சொல்லி அனுப்புக.