எதிர்த்துப் பேச ஒரு ஆள்

மார்ச் 3
இன்று ஒரே நாளில் ஏழு மோட்டாரைத் தூக்கி, சரிசெய்து, கிணற்றில் இறக்கினேன். ஏழு என்றால் மூன்று. தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது தண்ணீருக்கே தெரியாது.

மாலையில் டிவிக்காரப் பெண் போன் செய்தாள். தேர்தல் விவாதமாம். தொட்டித் தெருக் குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று பேச ஆள் தயார். இல்லை என்று பேசத்தான் ஆள் இல்லை. "ஆறு பேரக் கேட்டுட்டோம் சார், படிச்சவங்க யாரும் வர மாட்டேங்கிறாங்க." ஏழாவதாக நான்; வருகிறேன் என்றேன். முத்து என்றால் மூச்சு முட்டிய பிறகுதானே கையில் கிடைக்கும்.

மார்ச் 5
மூன்று பேர் சேர்ந்து எனக்குப் பவுடர் போட்டார்கள். திரையில் என் பெயருக்குக் கீழே 'நீர் நிபுணர்' என்று எழுதினார்கள். நான் கேட்கவே இல்லை. ஒரே ஒரு தடவை சொன்னேன்.

உள்ளே போனால் எதிர் நாற்காலியில் என் தங்கச்சி மகள். பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஈயத்தைக் கண்டுபிடித்ததே அவள்தானாம். எழுந்து வந்திருக்கலாம். அதற்குள் சட்டையில் மைக் மாட்டிவிட்டார்கள் — அதுவா காரணம்?

ஆளுக்கு நாலு நிமிஷம். அவள் தாளைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். நான் சிரித்துக்கொண்டே, "முப்பது வருஷமா அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறேன். என்னப் பாத்தா சீக்காளி மாதிரியா இருக்கு?" என்றேன். கேமராக்காரரே சிரித்துவிட்டார். நடத்தியவர், "இரு தரப்பையும் கேட்டோம், இனி வாக்காளர் முடிவு" என்று முடித்தார்.

என் வீடு அடுத்த தெரு. எங்களுக்கு வேறு கிணறு.

மார்ச் 6
அந்தக் குழாயைப் போட்ட வேட்பாளரின் பிரசார வண்டியில் என் குரல். தெருவுக்கு நாலு தடவை.

மார்ச் 7
தங்கச்சி மகள் வந்தாள். உட்காரவில்லை.

"நூத்தி நாப்பது வீட்டுல தண்ணி பிடிச்சேன் மாமா. நீங்க ஒரே ஒரு சிரிப்பு சிரிச்சீங்க. சரிக்குச் சரியாப் போச்சு."

"மாமாகிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னன்னு? பொய் சொல்லாதீங்கன்னா?"

பதினொரு குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம். குழாயை மூடச் சொல்லும் உத்தரவு கையெழுத்துக்குப் போய், 'நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு' என்று திரும்பிவிட்டதாம். நிபுணர்கள் — அதில் ஒன்று நான்.

மார்ச் 8
டிவிக்காரப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "தாராளமா வாங்க சார். ஆனா நீங்க அந்தப் பக்கம் போயிட்டா, இந்தப் பக்கத்துக்கு ஒருத்தர் வேணுமே. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகச் சிரிப்பார்கள். நான் வரவில்லை என்று போனை வைத்தேன்.

மார்ச் 9
நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளம்தான் கெட்டது.

மார்ச் 10
தொட்டித் தெரு மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன். அரை மணி நேரத்தில் ரிப்பேர் என்று என்னையே கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. வேறு ஆள் போய்ப் போட்டுவிட்டான்.

மார்ச் 17
குழாய் போட்டவரே ஜெயித்தார். நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 18
காலையில் குழாயடியில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன், இதைக் குடிக்காதீர்கள் என்று. ஜோக்கென்று நினைத்துச் சிரித்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.

"டிவியில நல்ல தண்ணின்னீங்க. இங்க விஷங்கிறீங்க. எதண்ணே நம்புறது?"

"இதம்மா. இதத்தான்."

"அன்னிக்கும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீங்க."

குடத்தைக் குழாய்க்கு நேராக வைத்தாள்.

"அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருக்கு. கொஞ்சம் நகருங்கண்ணே."

நகர்ந்தேன்.